அரை இஞ்ச் மரையின் கணக்கு

ஊரகத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் வீட்டு வாசலிலேயே கிடைக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் இது. அன்றைக்கு நாடு முழுக்க 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இருந்தது, தமிழ்நாட்டில் 21.76 லட்சம் வீடுகளில். அதன் பிறகு எத்தனையோ லட்சம் இணைப்புகள் கொடுத்தாயிற்று. தெருவில் ஓடுவது பிளாஸ்டிக் பைப், வாசலில் நிற்பது பெரும்பாலும் உலோகக் குழாய். இரண்டும் எங்கேயாவது ஓரிடத்தில் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த இடத்தின் அளவு அரை இஞ்ச். கணக்கு முழுக்க அந்த அரை இஞ்சுக்குள்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பழவேற்காட்டைவிடக் கடினமான இடம் கிடைக்காது. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், சாத்தாங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று கடலோர மணலில் வரிசையாக மீனவர் குப்பங்கள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரியின் உவர்நீரும் பக்கிங்காம் கால்வாயும். இரண்டு உப்புக்கும் நடுவில் ஒரு மணல் மேடு. இதே கரையில் தெற்கே போனால் காட்டுப்பள்ளியில், 2010 ஜூலை 31 அன்று திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்க் குடிநீர் ஆலை. 55 லிட்டர் வீதம் வகுத்தால் 18 லட்சம் பேருக்கான தண்ணீர் அது. ஆனால் கட்டியது சென்னைக்காக. குப்பத்துக்காரருக்குத் தெருக்குழாயில் வருவதுதான் தண்ணீர். ஆகவே அதில் ஒவ்வொரு லிட்டரும் கணக்கில் வரும்.

முதலில் உலோகத்தின் கணக்கு. ஏன் முழுக்க ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பே போட்டுவிடக் கூடாது என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அரை இஞ்ச் ஜி.ஐ. மீடியம் பைப்பின் சுவர் 2.65 மி.மீ., மீட்டருக்கு எடை சுமார் 1.22 கிலோ. மேலே பூசிய துத்தநாகம் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம் என்று வைத்தால் தடிமன் 56 மைக்ரான். கடலோரக் காற்றை உலகத் தர அமைப்பு மிகக் கடுமையான அரிப்பு வகைகளில் ஒன்றாகப் பிரித்திருக்கிறது. அந்த வகையில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும். 56-ஐ வகுத்தால் 7 முதல் 13 ஆண்டு. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது பூச்சு இருக்கிற இடத்துக்கு. பிளம்பர் டையை வைத்து மரை வெட்டுகிறபோது துத்தநாகம் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வந்துவிடுகிறது. அரை இஞ்ச் மரையின் ஆழம் 1.16 மி.மீ. 2.65-இல் அதைக் கழித்தால் மரையின் அடியில் மிச்சம் இருக்கும் இரும்பு 1.49 மி.மீ., அதுவும் பூச்சில்லாத வெறும் இரும்பு. அதே வகைக் காற்றில் வெறும் இரும்பு ஆண்டுக்கு 80 முதல் 200 மைக்ரான் வரை அரிக்கும். வெளிப்பக்கம் மட்டும் தின்றாலே, மோசமான கணக்கில் ஏழெட்டு ஆண்டில் மரை காலி. உள்பக்கமும் சேர்ந்து தின்னும் என்பதால் அதற்கும் முன்பே சொட்டத் தொடங்கிவிடும். குப்பத்தில் பழைய ஜி.ஐ. பைப் எங்கே முறிந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவில் முறிந்ததைத் தேடத்தான் வேண்டும். மரையோரம் முறிந்தது எங்கும் கிடக்கும்.

ஆகவே பிளாஸ்டிக். 250 வீடுள்ள ஒரு குப்பம், வீட்டுக்குச் சராசரி 9 மீட்டர் அரை இஞ்ச் பைப் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,250 மீட்டர். 6 மீட்டர் நீளத்தில் 375 பைப். பி.வி.சி. மீட்டருக்கு 100 கிராம் அளவில், மொத்தம் 225 கிலோ. ஒரு குட்டி யானையில் ஒரே நடை. இதையே ஜி.ஐ.யில் போட்டால் 2,745 கிலோ, நாலு நடை. மணலில் தலைச்சுமை தனி. பி.வி.சி.யை உப்பு தொடாது. எடையிலும் உப்பிலும் பிளாஸ்டிக் சந்தேகமில்லாமல் வென்றாயிற்று. ஆனால் அது தோற்கிற இடம் ஒன்று உண்டு: வாசலில், குழாய் மாட்டுகிற முனையில்.

அந்த முனையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாம்பல் நிற எஃப்.டி.ஏ. ஒன்று, உள்ளே மரை போட்ட பிளாஸ்டிக் துண்டு. அதற்குள் ஜி.ஐ. நிப்பிளை விட்டு முறுக்கியிருப்பார்கள். வாயின் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு தொடங்கி, பைப்பின் நீளவாக்கில் இறங்கியிருக்கும். அச்சில் வார்த்தபோது விழுந்த தையல் கோட்டை ஒட்டியே பெரும்பாலும் ஓடியிருக்கும். கோட்டின் இரு பக்கமும் வெள்ளையாக உப்புப் பொருக்கு. அதற்கு மேல் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றி, அதற்கும் மேல் வலை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். கட்டு நேர்த்தியாகத்தான் இருக்கும், மீனவர் கை ஆயிற்றே. தண்ணீர் மட்டும் நிற்காது.

ஏன் விரிகிறது? இதில்தான் எண் பேச வேண்டும். நம் நாட்டில் புழங்கும் பைப் மரை பிரிட்டிஷ் மரை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 பாகைக் கோணத்தின் வழி வந்தது. அரை இஞ்சுக்கு ஓர் அங்குலத்தில் 14 மரை, ஒரு சுற்றுக்கு 1.814 மி.மீ. உள்ளே போகும். வெளி விட்டம் 20.955 மி.மீ. ஜி.ஐ. பைப்பில் வெட்டும் வெளிமரை நேராக இருப்பதில்லை. 16-க்கு 1 என்ற சரிவில் ஆப்பு மாதிரி அகலும். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் விட்டம் 0.113 மி.மீ. கூடும். எஃப்.டி.ஏ.வின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ.; 0.113 அதில் 0.54 சதவீதம். இரும்பு நசுங்காது, விரிய வேண்டியது பிளாஸ்டிக். பி.வி.சி.யின் விறைப்பு சுமார் 3,000 மெகாபாஸ்கல். பெருக்கினால், கை இறுக்கம் முடிந்த பிறகு ரிஞ்சால் போடும் ஒவ்வொரு சுற்றும் அந்த வளையத்தில் 16 மெகாபாஸ்கல் இழுவிசையை ஏற்றுகிறது. ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ.

குடிநீர் பி.வி.சி. பைப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4985. நீண்ட காலத்துக்குத் தாங்கும் பாதுகாப்பான இழுவிசை 27 பாகை வெப்பத்தில் 8.6 மெகாபாஸ்கல் என்று வைத்துத்தான் அது பைப்பின் சுவர்த் தடிமனை நிர்ணயிக்கிறது. மரையின் கூர்முனை நசுங்கிப் பாதி விசையை வாங்கிக்கொள்ளும் என்று தாராளமாகத் தள்ளுபடி கொடுத்தாலும் ஒரு சுற்றுக்கு 8. இரண்டாவது சுற்றில் 16. எல்லை தாண்டியாயிற்று. உடனே விரியாது. பிளாஸ்டிக் மெதுவாகத்தான் களைக்கும். மாதங்கள் கழித்து ஒரு நாள் விரியும். அதற்குள் பிளம்பர் காசு வாங்கிப் போயிருப்பார்.

தண்ணீரின் பங்கு எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். 12 மீட்டர் உயர மேல்நிலைத் தொட்டி கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ. அது 20 மி.மீ. பைப்பின் 1.1 மி.மீ. சுவரில் உண்டாக்கும் இழுவிசை சுமார் 1 மெகாபாஸ்கல். தண்ணீர் ஒன்று, ரிஞ்ச் பதினாறு. 'பிரஷர் தாங்கல' என்று சொல்லித் தொட்டியைப் பழிப்பதில் நியாயமில்லை.

வெயிலையும் சேர்க்க வேண்டும். பி.வி.சி. ஒரு மீட்டருக்கு, ஒரு பாகைக்கு, சுமார் 0.07 மி.மீ. நீளும், இரும்பு 0.012, பித்தளை 0.019. வெயிலில் நிற்கும் 3 மீட்டர் பைப் 30 பாகை சூடேறினால் 6.3 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 1.1 மி.மீ. மரையின் 21 மி.மீ. வட்டத்தில் பிளாஸ்டிக்குக்கும் பித்தளைக்கும் விழும் வித்தியாசம் 0.032 மி.மீ. சின்ன எண்தான். ஆனால் ஒரு சுற்றின் ஆப்பு 0.113 என்பதை நினைவில் வைத்தால், இது கால் சுற்றுக்கும் மேல். மதியம் பிளாஸ்டிக் விரிந்து மரை தளர்கிறது, சொட்டுகிறது. வீட்டுக்காரர் அப்போதே ரிஞ்சை எடுத்து ஒரு கால் சுற்று போடுகிறார். சொட்டு நிற்கிறது. இரவில் பிளாஸ்டிக் சுருங்குகிறது, ஆனால் உள்ளே இருக்கும் உலோகம் இடம் கொடுப்பதில்லை. தளர்ந்ததும் இறுக்கியதும் சேர்ந்து வளையத்தில் ஏறுகிறது. மதியச் சொட்டுக்கு மதியமே முறுக்காதீர்கள். காலையில், பைப் குளிர்ந்திருக்கும்போது சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

தீர்வு புதியதல்ல, தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிளாஸ்டிக் வெளிமரையாகவும் உலோகம் உள்மரையாகவும் இருக்கட்டும். அதாவது எம்.டி.ஏ.வைக் கொண்டுபோய் ஜி.ஐ. சாக்கெட்டிலோ பித்தளை வால்விலோ முறுக்குவது. அப்போது ஆப்பு பிளாஸ்டிக்கை விரிப்பதில்லை, அமுக்குகிறது. அமுக்கத்தைப் பிளாஸ்டிக் தாங்கும். தலைகீழாக, குழாயின் வெளிமரை பிளாஸ்டிக்குக்குள்தான் போக வேண்டும் என்றால், உள்ளே பித்தளை மரை பதித்த எஃப்.டி.ஏ. அல்லது பித்தளை எல்போ. அங்கே உலோகம் உலோகத்தைக் கடிக்கிறது. வீட்டு இணைப்பைப் பிரிக்கத் தெரு பைப்பில் மாட்டும் பிளாஸ்டிக் சேடிலிலும் இதே விதி: உள்மரை வாயைச் சுற்றி எஃகு வளையம் போட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எம்.டி.ஏ.வுக்கும் ஒரு குறை உண்டு. மரையின் அடி விட்டம் 18.6 மி.மீ., நடுத்துளை 15 மி.மீ. என்றால் மரையடியில் சுவர் வெறும் 1.8 மி.மீ. பக்கவாட்டில் ஓர் உதை விழுந்தால் அங்கேயே ஒடியும். குப்பத்தில் வாசல் குழாய் குழாயாக மட்டும் இருப்பதில்லை. படகுக் கயிறு கட்டுவதும் வலையை இழுத்துக் காயப் போடுவதும் அதில்தான். ஆகவே நிற்கும் பைப்பை ஒரு கல் தூணிலோ சுவரிலோ இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்த வேண்டும். குழாயின் பாரம் மரையில் விழக் கூடாது.

டேப்பின் கணக்கு வேடிக்கையானது. டெஃப்லான் டேப் தடிமன் சுமார் 0.075 மி.மீ. அரை இஞ்ச் மரையைச் சுற்றி ஒரு முறை வர 66 மி.மீ. வேண்டும், ஐந்து சுற்றுக்கு 33 செ.மீ. வீட்டுக்கு மூன்று மரை இணைப்பு என்றால் 250 வீட்டுக்கு 750. மொத்தம் 248 மீட்டர் டேப், 10 மீட்டர் சுருளில் 25 சுருள். சுருள் 20 ரூபாய் என்று வைத்தால் ஒரு குப்பம் முழுவதற்கும் 500 ரூபாய். இதில் போய் மிச்சம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், பத்துப் பன்னிரண்டு சுற்று அள்ளிச் சுற்றுகிறவர்கள். பத்துச் சுற்று விட்டத்தில் 1.5 மி.மீ. ஏற்றும். குழாயின் வாலில் மரை பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும், ஆப்பாகச் சரிவதில்லை. டேப்பை மலையாகச் சுற்றினால் நேர் மரையும் ஆப்பு ஆகிவிடும். நாலைந்து சுற்று, மரையின் முனையை முகத்துக்கு நேரே பிடித்துக் கடிகார முள் திசையில், டேப்பை இழுத்துப் பிடித்தபடி. அப்புறம் கையால் இறுகும் வரை, அதற்கு மேல் ரிஞ்சில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. போதும்.

சணலும் வெள்ளை ஈயமும் இன்னும் சில பைகளில் இருக்கின்றன. ஜி.ஐ. காலத்துப் பழக்கம். சணல் ஊறினால் பருக்கும், பருத்தால் பிளாஸ்டிக்கை விரிக்கும். வெள்ளை ஈயம் பெயரிலேயே ஈயம். குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 10500. அந்த டப்பாவைக் குடிநீர்க் குழாய்ப் பக்கமே கொண்டுவரக் கூடாது. மரையில் சொல்யூஷன் தடவுவதும் தவறு. அது வழவழப்பான சாக்கெட்டுக்கு உரியது, பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுவதுதான் அதன் வேலை. உலோகத்தோடு ஒட்டாது.

இனி ரூபாய். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையைக் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

சாதா எஃப்.டி.ஏ. அரை இஞ்ச்: 12 ரூபாய்
பித்தளை பதித்த எஃப்.டி.ஏ.: 70 ரூபாய்
வித்தியாசம்: 58 ரூபாய்
250 வீட்டுக்குக் கூடுதல் செலவு: 14,500 ரூபாய்
விரிந்த ஒன்றை மாற்ற (பைப்பை அறுத்து, கப்ளிங், துண்டு பைப், புது எஃப்.டி.ஏ., டேப், பிளம்பர் கூலி): 500 ரூபாய்
கூடுதல் செலவை ஈடுகட்டத் தவிர்க்க வேண்டிய பழுதுகள்: 29

250-இல் 29. நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. அத்தனை வீட்டில், குழாயின் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து, ஒரே ஒரு முறை விரிந்தால் பித்தளையின் காசு திரும்பி வந்துவிட்டது. முப்பதாவது பழுதிலிருந்து ஒவ்வொன்றும் ஊருக்கு நட்டம்.

ஆனால் கடை முனையில் நடப்பது வேறு.

"அண்ணே, அரை இஞ்ச் எஃப்.டி.ஏ. ஒண்ணு."

"பித்தளையா, சாதாவா தம்பி?"

"சாதாவே குடுங்க. இப்போதைக்கு ஓட்டிக்கலாம்."

இந்த 'இப்போதைக்கு'க்கு 58 ரூபாய் விலை. ஒப்பந்தக்காரர் என்றால் அவருக்கு அது 14,500 ரூபாய் லாபம். அடுத்த 500 ரூபாய்களைக் கொடுக்கப் போவது அவர் இல்லை.

இது வரை தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. வினாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்றால் நாள் முழுக்க 4.3 லிட்டர். நாலு பேர் குடும்பத்தின் 220 லிட்டரில் இரண்டு சதவீதம், பெரிதில்லை. விரிந்த எஃப்.டி.ஏ. சொட்டாது, ஒழுகும். நிமிடத்துக்கு 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு, என்று வைத்தால் நாளுக்கு 144 லிட்டர்: குடும்பப் பங்கில் மூன்றில் இரண்டு. பைப்பில் எந்நேரமும் தண்ணீர் நின்றால்தான் இது. நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள் என்றால் ஒழுகுவது 12 லிட்டர். அப்படியானால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். அங்கேதான் உப்பு உள்ளே வருகிறது.

தண்ணீர் நின்ற பிறகு பைப் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளியிலிருப்பதை இழுக்கும். வாசல் குழாயின் விரிசல் காற்றை இழுக்கும். மண்ணுக்குள் புதைந்த சேடில் விரிந்திருந்தால் மணலில் நிற்கும் நீரை இழுக்கும். குப்பத்து மணலில் என்ன நீர் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 1,000 வரை. கடல்நீரில் சுமார் 19,000. வகுத்துப் பாருங்கள்: நல்ல தண்ணீரில் 1.3 சதவீதம் கடல்நீர் கலந்தாலே 250 தாண்டும். 15 லிட்டர் குடத்துக்கு 200 மில்லி, ஒரு டம்ளர். மணலடி நீர் முழுக் கடல்நீராக இல்லாமல் பாதி உப்பாக இருந்தால் இரண்டு டம்ளர். வருகிற தண்ணீரிலேயே ஏற்கெனவே கொஞ்சம் குளோரைடு இருக்கும் என்பதால் அந்த அளவுகூடத் தேவைப்படாது. உப்புக்கு நாக்கு சாட்சி சொல்லும். கூடவே வரும் சாக்கடைக் கிருமிக்குச் சாட்சி சொல்ல நாக்கால் ஆகாது. தண்ணீர் விட்டதும் முதல் குடம் கரிக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்று ஒரு தெருவில் பெண்கள் சொன்னால், அந்தத் தெருவின் சேடில்களைத் தோண்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

இடையில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் வாங்கும் வெளிநாட்டு இணைப்புகளில் சில அமெரிக்க மரை. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் அதற்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் கோணம் 60 பாகை. ஆகையால் முதல் சில சுற்று நன்றாகவே ஏறும், பிறகு கடிக்கும். கடித்த பிறகு முறுக்கினால் எந்தப் பிளாஸ்டிக்கும் தாங்காது.

ஊராட்சியின் மதிப்பீட்டில் இந்த 58 ரூபாய்க்கு இடம் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை ஊர்க்காரருக்கு உண்டு. பைப்புக்கு ஐ.எஸ். 4985 என்று எழுதுகிறார்கள், தொட்டிக்குக் கொள்ளளவு எழுதுகிறார்கள்; மரை இணைப்புக்குப் பெரும்பாலும் 'தேவையான இணைப்புகளுடன்' என்ற ஒற்றைச் சொற்றொடர்தான். சாதா எஃப்.டி.ஏ. நுழையும் சந்து அந்தச் சொற்றொடர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அடுத்து எது வருகிறதோ அதில் எழுந்து, 'வீட்டு இணைப்புகளில் பித்தளை மரை பதித்த எஃப்.டி.ஏ., எஃகு வளையமிட்ட சேடில், குழாய்க்கு இரண்டு கிளாம்ப்' என்ற ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்ததற்கான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கிற நாளில் ஒப்பந்தக்காரரின் பையைத் திறந்து பார்க்க அது உதவும்.